வெள்ளெருக்குக் கண்மாயில் நாலாவது குரல்

"கண்மாயில உள்ள மண்ணு உங்களுது, மரம் உங்களுது, மீனும் உங்களுதுங்குறீங்க. அப்ப உள்ள கெடக்குற எங்கப்பாவும் உங்களுதா?"

ஒரு சின்னப்பெண் கேட்ட கேள்வி இது. இதோ நம்மோடு உட்கார்ந்திருக்கிற ராகேஷின் பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டது. சுந்தரவல்லி என்று பெயர். வில்லாபுரத்தில் வீடு. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வரைக்கும் இருக்கிற புறம்போக்கு நிலம், கண்மாய், ஓடை, அதில் உள்ள மண், மரம் எல்லாவற்றையும் காக்கிற அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை.

விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். பின்னால் இருக்கிறவர்கள் முன்னால் நெருங்கி உட்காருங்கள். இதைப் பெரியம்மா, ராகேஷின் அம்மாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தச் சின்னப்பெண் பவதாரிணி. அம்மா முத்துமீனாவின் சேலையைப் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்திருந்தது. அப்பா கருப்பு, ராத்திரியில் கண்மாய் மண்ணை வெட்டி லாரியில் ஏற்றும் கூலிக்குப் போனவன். திருட்டு மண்தான். காட்டு வேலை எதுவும் இல்லாத மாசியில், வேறு வழியில்லாமல் போனான். போனவன் திரும்பவில்லை...

"கேரளாவுக்குப் போயிட்டாருன்னு லாரிக்காரவுக சொல்றாகம்மா. போலீஸும் அதையேதான் சொல்லுது," என்றாள் முத்துமீனா. "ஊரை விட்டுப் போறவரு செருப்பைக் கரையில கழட்டி வச்சுட்டா போவாரு? வெள்ளெருக்குக் கண்மாயில, கெழக்கு மூலையில ஒரு குழி கெடக்கு. அதுலதான்... நாங்களே தோண்டிப் பாத்துருவோம். தோண்டினா மண்ணுத் திருடுறோம்னு உங்க ஆளுகளே பிடிக்கிறாக. நீங்க தோண்டுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா."

சுந்தரவல்லி அவளையே பார்த்தார். பொய் சொல்கிற முகமா, மெய் சொல்கிற முகமா?

அவர் மேலும் முழுத் தப்பென்று சொல்லிவிட முடியாது. முன்பு ஒரு கோஷ்டி, கோயில் திருப்பணிக்கு நாலு கூடை மண் என்று கண்ணீர்விட்டு அனுமதி வாங்கி, ஒரு கண்மாயையே சுரண்டிக்கொண்டு போயிருந்தது. இப்போதோ இன்னும் மோசம். எந்தக் கண்மாய்க்குச் சோதனைக்குப் போனாலும் அன்றைக்கு மட்டும் ஒரு லாரியும் அங்கே இருப்பதில்லை. முந்தின ராத்திரியின் டயர்த் தடம்தான் கிடக்கும். அலுவலகத்துக்குள்ளேயிருந்து யாரோ சொல்லிவிடுகிறார்கள். யார்?

"ஆளைக் காணோம்னா அது போலீஸ்தாம்மா. கண்மாயில தோண்ட அனுமதியெல்லாம் கொடுக்க முடியாது," என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் அப்படிக் கேட்டது. அழுதுகொண்டு கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டது.

சுந்தரவல்லி மேஜையில் கிடந்த அடுத்த கோப்பை இழுத்து வைத்துக்கொண்டார்.

தாயும் மகளும் வெளியே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். வாசல் வேப்பமரத்தடியில் காவலர் பேச்சிமுத்து அவர்களை நிறுத்தினான். தன் தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தைப் பவதாரிணியிடம் நீட்டினான். குழந்தை நின்றபடியே சாப்பிட்டது. அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டான், அவ்வளவுதான். ஆனால் சந்தேகம் புகுந்த மனசு இருக்கிறதே... பேச்சிமுத்துவுக்கு வெள்ளெருக்குக்கு அடுத்த ஊர். இவளை அவனுக்கு எப்படித் தெரியும்? எதற்கு இத்தனை கரிசனம்? அவர் தேடிக்கொண்டிருந்த ஆளுக்கு, அந்த நிமிஷம் ஒரு முகம் கிடைத்துவிட்டது.

வைகாசி. ராத்திரி மணி ஒன்றரை இருக்கும். உசிலம்பட்டி ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நிலா இல்லை. அலுவலகத்துப் பழைய ஜீப், முன்விளக்கை அணைத்துவிட்டு ஊர்ந்தது. எங்கே போகிறோம் என்று கிளம்பும்போது அவர் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, மடியில் வைத்திருந்தார்.

டிரைவர் ஆண்டிச்சாமி, பக்கத்தில் பேச்சிமுத்து. பின்னால் சுந்தரவல்லியும் சர்வேயர் இம்மானுவேலும். பேச்சிமுத்துவை வேண்டுமென்றேதான் முன்னால் உட்காரவைத்திருந்தார். பார்வையிலேயே இருக்கட்டும் என்று.

"பிளாஸ்க்குல டீ சூடா இருக்கு. ஆளுக்கு ஒரு வாய் ஊத்தவா?" என்றான் ஆண்டிச்சாமி.

"ஊத்துண்ணே. மாப்ள பேச்சிமுத்துக்கு ரெண்டு வாய் ஊத்து. இன்னிக்கும் வெறுங்கையோட திரும்புனா அவன் மூஞ்சியப் பாக்க முடியாது," என்றான் இம்மானுவேல்.

பேச்சிமுத்து சிரிக்கவில்லை. "வெள்ளெருக்குப் பாதை மாதிரி இருக்கே..." என்றான் மெதுவாக.

இருட்டில் எப்படிக் கண்டுபிடித்தான்? சுந்தரவல்லி அதையும் மனசில் குறித்துக்கொண்டார்.

இருட்டில் கரையைக் காக்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. டார்ச் அடிக்கக் கூடாது. வாக்கிடாக்கி கரகரக்கும், அதுவும் கூடாது. ஆளுக்கு ஆள் கூப்பிடு தூரம் விட்டுக் கரைநெடுக நிற்பார்கள். அவ்வப்போது சுந்தரவல்லி மடைப் பக்கமிருந்து "ஓ..." என்று தணிந்த குரல் கொடுப்பார். அடுத்து நிற்கிறவர் "ஓ...", அதற்கடுத்தவர் "ஓ..." என்று கடைசி ஆள் வரைக்கும் போகும். யார் எங்கே நிற்கிறார், தூங்கிவிட்டாரா, இடம் மாறிவிட்டாரா என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

அன்றைக்கு மடையில் அவர். அடுத்து இம்மானுவேல். அடுத்து ஆண்டிச்சாமி. தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்குப் பக்கம், கடைசியில், பேச்சிமுத்து.

முதல் தடவை கூப்பிட்டார்.

ஓ... ஓ... ஓ.

மூன்று குரல். சரி.

லாரிச் சத்தம் எதுவும் இல்லை. தூரத்தில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. காற்று நின்றுபோயிருந்தது. கருவேலங்காய் ஒன்று உலர்ந்து வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

ஓ... ஓ... ஓ...

அப்புறம், சற்றுத் தாமதித்து... இன்னொன்று.

ஓ.

கரையிலிருந்து வரவில்லை அது. கீழேயிருந்து வந்தது. கண்மாய்க்குள்ளிருந்து. கிழக்கு மூலை. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி அமுங்கிய குரல்.

சுந்தரவல்லிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆக, உள்ளே ஆள் இருக்கிறான். நம் சங்கேதத்தையும் கற்றுவைத்திருக்கிறான். சொல்லிக்கொடுத்தது யார்? பேச்சிமுத்துவே இடத்தை விட்டு இறங்கி, அவனோடு பேசிக்கொண்டிருப்பானோ? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவை மடைக் கல்லில் வைத்துவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கினார்.

செருப்புக்கடியில் வெடித்த மண் நொறுங்கியது. முள் சேலையைப் பிடித்தது. விடுவித்துக்கொண்டு நடந்தார். தை பிறந்ததிலிருந்து ஒரு பொட்டு மழை இல்லை அந்தப் பக்கம். ஆனால் போகப் போக ஒரு வாசனை... மழை பெய்து, அப்போதுதான் வெட்டித் திறந்த மண்ணின் வாசனை. ஈர வாசனை. மூக்குக்குள் குளிர்ச்சியாக ஏறியது.

அவர் நின்றார். வாசனையும் நின்றது போல இருந்தது.

நடந்தார்.

குரல் கேட்ட இடம் இதுதான். இன்னும் நாலைந்து எட்டு. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டார், அமுக்கவில்லை. அமுக்கினால் ஓடிவிடுவான். வலது காலைத் தூக்கினார்...

"ஓ."

முன்னாலிருந்து. மிகக் கிட்டத்தில். அவருடைய பாதத்துக்கு நேர் கீழேயிருந்து.

தூக்கிய கால் அப்படியே நின்றது. விரல் தானாக டார்ச்சை அமுக்கியது.

அவருக்கு முன்னால் தரை இல்லை. கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டிய குழி. வெளிச்சம் அடிவரைக்கும் போகவில்லை. இன்னொரு எட்டு வைத்திருந்தால்... பெருமாளே.

குழியைச் சுற்றி யாரும் இல்லை. ஆள் ஒளிகிற அளவுக்கு ஒரு புதர்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து, வெகு தூரத்தில், கலுங்குப் பக்கமிருந்து, நிறுத்திய இடத்திலிருந்தே பேச்சிமுத்துவின் குரல் வந்தது. முறையை மறந்து வாய்விட்டே கத்தினான். "மேடம்... ரொம்ப நேரமாக் குரலைக் காணோமே... நல்லா இருக்கீகளா?"

சுந்தரவல்லி பதில் சொல்ல வாயெடுத்தார். எதிர்ச் சுவரிலிருந்து கொஞ்சம் மண் பொலபொலவென்று சரிந்தது. டார்ச் அங்கே திரும்பியது. மண்ணுக்குள்ளிருந்து நீலக் கட்டம் போட்ட லுங்கியின் ஓரம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் அது ஆடியது.

அவர் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். பார்த்தார்கள். அப்புறம் யார் யார் கையைப் பிடித்தார்கள், எப்படிக் கரையேறினார்கள், ஜீப் எப்போது கிளம்பியது, எதுவும் சரியாக ஞாபகமில்லை என்றார் பெரியம்மா. மற்ற நாள்களில் அப்படிக் கலைய மாட்டார்கள். காவல் முடிந்தால் அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், "ஏறி வாங்க" என்பார். அதைக் கேட்டால்தான் நின்ற இடத்தை விட்டு அசைய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்கு அது இல்லை. ஓட்டம்தான்.

விடிந்ததும் போலீஸ் வந்தது. அவரே முன்னால் நின்று தோண்டச் சொன்னார். கருப்பு கிடைத்தான். அடிமண்ணைக் குடைந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மேல்மண் சரிந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் அவனை எடுக்க நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

அந்த விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. சேதியை வெளியே சொன்னது பேச்சிமுத்து இல்லை. இம்மானுவேலும் இல்லை, ஆண்டிச்சாமியும் இல்லை. சோதனைக்குக் கிளம்புகிற அன்றைக்கெல்லாம் சாயங்காலம் அலுவலகத்துப் பெரிய பிளாஸ்க் எதிர்த்த டீக்கடைக்குப் போகும். டீக்கடைப் பெஞ்சில் லாரிக்காரர்களின் ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். பிளாஸ்க் வந்தால் அன்று ராத்திரி எந்தக் கண்மாயிலும் வேலை கிடையாது. அவ்வளவுதான் சங்கதி. எல்லோருடைய போனையும் மூடி வைத்தவர், அந்தப் பிளாஸ்க்கை நிரப்பிவரும்படி தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

சுந்தரவல்லி பேச்சிமுத்துவைத் தனியே கூப்பிட்டார். "உங்களத்தான் நான் சந்தேகப்பட்டேன் பேச்சிமுத்து."

"தெரியும் மேடம். ஜீப்புல என் பிடரியவே பாத்துட்டு வந்தீகளே. பிடரி காந்திப்போச்சு."

"அப்புறம் ஏன் அன்னிக்கு அப்படிக் கத்துனீங்க? குரல் கொடுக்காம இருந்திருக்கலாமே."

"இருட்டுக்குள்ள ஒரு ஆளுக் குரலைக் காணோம்னா கூப்பிட வேணாமா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

கருப்புவை அடக்கம் செய்தார்கள். கருமாதியும் முடிந்தது. சுந்தரவல்லி போய்வந்தார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆடி பிறந்தபோது முத்துமீனா மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தாள். தனியாக வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அவரு இன்னும் வீட்டுக்கு வரலம்மா," என்றாள்.

"யாரு?"

"அவருதான். எடுத்துப் பொதைச்சுட்டோம். படையல் போட்டோம். ஆட்டுக் கெடை போடுற ஆளுக சொன்னாக, கண்மாய்க்குள்ள ராத்திரியில குரல் கேக்குதுன்னு. நானும் போனேன். அவரு குரல்தான். கூப்பிட்டா 'ஓ'ங்குறாரு. வான்னா வர மாட்டேங்குறாரு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அழுகுற மாதிரி இல்லம்மா. கோவமாவும் இல்ல. யாரோ நில்லுன்னு சொன்னதுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாரு..."

சுந்தரவல்லியின் கையில் இருந்த பேனா மேஜையில் உருண்டது. அதை அவர் பிடிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஆண்டிச்சாமியிடம் சாவியை வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பினார். தானே ஜீப்பை ஓட்டினார். கூட யாரும் இல்லை. போகும் வழியெல்லாம் தங்கள் வீட்டுப் பேச்சில், சௌராஷ்டிரத்தில், பெருமாள் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போனார். நாமம் பாதியிலேயே மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். பின்கதவைத் திறந்து வைத்தார். ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

மடைக் கல்லில் ஏறி நின்றார்.

"ஓ..."

காற்று சட்டென்று நின்றது.

கிழக்கு மூலையிலிருந்து வந்தது. "ஓ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். காவல் முடிந்த நாள்களில் தன் ஆட்களை எப்படிக் கூப்பிடுவாரோ, அதே குரலில் கூப்பிட்டார்.

"கருப்பு. ஏறி வாங்க."

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெடித்த மண் நொறுங்குகிற சத்தம். மெதுவாக. செருப்பில்லாத கால் நடக்கிற சத்தம். கரைச் சரிவில் சரளை உருண்டது. அந்த ஈர மண் வாசனை அவரைத் தாண்டிப் போனது. அவர் திரும்பவில்லை. அந்தப் பழைய ஜீப்பின் பின்படியில் யாராவது கால் வைத்தால் ஒரு முனகல் கேட்கும். கேட்டது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

டிரைவர் இருக்கையில் ஏறினார். பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டார். முத்துமீனாவின் தெருவுக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பள்ளம் வந்தபோதெல்லாம் மெதுவாக ஏற்றி இறக்கினார், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அலுங்கக் கூடாதே என்று. அதை நினைத்துத் தனக்கே ஆச்சரியமாக இருந்தது என்றார்.

தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாய் தலை தூக்கிப் பார்த்தது. குரைக்கவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டது.

வீட்டு வாசலில் நிறுத்தினார். "வீடு வந்துருச்சு. எறங்கிக்கங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு என்னை நிறுத்துனீங்க. நான்தான் உங்களை நிக்கவச்சுட்டு வந்துட்டேன்," என்றார்.

பின்படி முனகியது. வண்டி எழும்பியது. அந்த வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஆனால் உள்ளே தூக்கத்தில் இருமிக்கொண்டிருந்த குழந்தையின் இருமல் நின்றது.

பட்ட கடன் தீர்ந்தது. பார்த்தவர் யாருமில்லை. சுந்தரவல்லி கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பக் கியரில் கை வைத்தார்.

அப்போதுதான் கவனித்தார்.

வண்டி முழுக்க எழும்பவில்லை. பின்பக்கம் இன்னும் ஒரு ஆள் பாரத்துக்குத் தாழ்ந்தேதான் இருந்தது. ஈர மண் வாசனை... அதுவும் போகவில்லை.

கண்ணாடியின் பக்கம் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டார். முன்னால் கிடந்த இருட்டுப் பாதையைப் பார்த்தபடி, மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க... எங்க எறங்கணும்?"